ஆள் இருக்கு

“சென்னையில ஏறினதுல இருந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரலையே அய்யா” என்றார் கோதண்டம்.

இருளப்பன் ரயில் பெட்டியின் தரையில், இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே சம்மணமிட்டிருந்தார். தன் இடத்தைக் கூடூரில் ஏறிய ஒரு கைப்பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிட்டார்.

“ஜன்னல் காத்து வருதா சார்?”

“வருது.”

“அப்புறம் என்ன.”

குரு இருளப்பன், சீடர் கோதண்டத்தைவிட இருபது வயது இளையவர். குரு ‘சார்’ என்பார், சீடர் ‘அய்யா’ என்பார். ரிசர்வ் செய்யாத பெட்டிகளில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வருவதுதான் இருளப்பனுக்கு வாழ்க்கை. அவர் பேச்சை ஒருநாள் பிளாட்பாரத்தில் கேட்டார் கோதண்டம். முதுகுப்பை ஒன்று வாங்கினார். வீட்டில் சொல்லாமல் பின்னாலேயே கிளம்பிவிட்டார்.

இப்போது ஜம்மு போகிற வண்டி.

விஜயவாடாவில் கூட்டம் முட்டி மோதி ஏறியது.

கோதண்டம் மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொஞ்சம் தாராளமாக உட்காரலாம். எல்லோரும் செய்கிறதுதான்.

முழங்காலில் துணி கட்டிய ஒரு பெண் விந்தி விந்தி வந்தாள்.

“தமிழா நீங்க! பேசினது காதுல விழுந்துச்சு. அப்பாடா. பல்லார்ஷா வரைக்கும் வாயை மூடிக்கிட்டே போகணுமோன்னு இருந்தேன். இங்க ஆள் இருக்காண்ணே?”

“இருக்கு.”

“எங்க?”

“பாத்ரூம் போயிருக்கு.”

“அண்ணியா?”

கோதண்டம் தலையை ஆட்டிவைத்தார்.

“வரட்டும், மெதுவா வரட்டும்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றாள். வேறொருவன் பையை நகர்த்தப் பார்த்தபோது, தனக்குத் தெரிந்த தெலுங்கில் அவள்தான் அவனை அதட்டி விரட்டினாள்.

கம்மம் தாண்டியது.

“என்னண்ணே இவ்வளவு நேரம்? வயித்துக்கு ஏதும் முடியலையா?”

“வந்துருவா.”

“உக்காந்த இடத்துலயே சொல்லுங்க. ஆம்பளைங்க எல்லாம் ஒரே அச்சு. இருங்க, நான் பாத்துட்டு வரேன்.”

“வேண்டாம்மா...”

போய்விட்டாள். விந்தி விந்தி, மூட்டைகளைத் தாண்டி, நீட்டிய கால்களைத் தாண்டி.

கோதண்டம் குருவைப் பார்த்தார். குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“ரெண்டு பக்கமும் இல்லண்ணே. அங்க கதவு வேற ஆன்னு திறந்து கிடக்கு.”

பெட்டி சலசலத்தது. யாரோ மேலே அபாயச் சங்கிலியைக் காட்டினார்கள்.

“பதறாதீங்க. கூட்டத்துல எங்கயாவது மாட்டியிருப்பாங்க. அண்ணி பேரென்ன? கூப்பிட்டுப் பாக்குறேன்.”

கோதண்டம் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

“பேரைச் சொல்லுங்க சார்” என்றார் இருளப்பன்.

ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். உலகத்தில் பேருக்கா பஞ்சம். வாயில் வந்தது ஒன்றுதான்.

“சுகந்தி.”

“சுகந்தி அண்ணீ!”

அவள் ஒரு பக்கம் போனாள். இருளப்பன் கடலைத் தொலியை உதறிவிட்டு எழுந்து மறுபக்கம் போனார்.

“சுகந்தியம்மா! சுகந்தியம்மா!”

பொய் என்று தெரிந்தவர்தான். ஆனால் அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே யாரையோ தொலைத்தவர் குரல்.

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘சுகந்தி காரு’ என்றது ஒரு தெலுங்குக் குரல். கதவோரம் நின்ற பட்டாளத்துக்காரர் ‘சுகந்தி ஜீ’ என்று வெளியே பார்த்துக் கத்தினார். தெரியாத வாய்களில் எல்லாம் அந்தப் பேர் போய்வந்தது.

கோதண்டம் ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பதோடு சரி.

தேடப் போனவள் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். பெஞ்சு விளிம்பில் நல்ல காலை ஊன்றி ஏறி, சங்கிலியைப் பிடித்தாள்.

“இழுத்துடுறேண்ணே.”

“வேண்டாம்மா. அவ இந்த வண்டில ஏறவே இல்ல.”

“என்னது?”

“வீட்டுல இருக்கா.”

கை சங்கிலியிலேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கினாள். அவர் தலையைக் குனிந்து காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“நீங்க இங்க இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?”

கோதண்டம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடி கனத்தது.

“உக்காரும்மா.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற காலை மாற்றி வைத்தாள்.

“வேண்டாண்ணே. அது அண்ணி இடம்.”