அஞ்சு குளிர்கால அனுபவம்

தூத்துக்குடி இறால் கம்பெனியில் எட்டு வருஷம் கோல்ட் ஸ்டோரேஜுக்குள் பெட்டி அடுக்கியவள் பிலோமினாள். நார்வேக்குப் போய் இறங்கியதும் அங்கே ஒரு மீன் ஆலையில் வேலை கேட்டாள்.

மேனேஜர் எரிக் கோட்டும் டையுமாகச் சாய்ந்திருந்தார். வீட்டில் ஹீட்டர், காரில் ஹீட்டர், நாற்காலிக்கு அடியிலும் ஹீட்டர் வைத்து வாழ்கிற மகராசன்.

“இந்த நாட்டுல அஞ்சு குளிர்காலம் வேலை பார்த்த அனுபவம் இருக்கா?”

“நான் வந்தே அஞ்சு நாள்தான் சார் ஆகுது.”

“வெயில் ஊர்க்காரிக்குக் குளிரப் பத்தி என்ன தெரியும்? கிளம்பு.”

“உங்க கோல்ட் ஸ்டோரேஜுக்குள்ள நின்னு கேள்வி கேட்டுப் பாருங்க. நான் நடுங்கினா நானே போயிடுறேன்.”

எரிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோல்ட் ஸ்டோரேஜ் வாசலில் தொங்கிய கம்பளிச் சட்டைகளில் ஒன்றைப் பிலோமினாள் மாட்டிக்கொண்டாள். அவர் எதையும் தொடவேயில்லை.

“நான் பனியில பொறந்தவன்!”

உள்ளே மைனஸ் இருபத்தைந்து. முதல் கேள்வியில் அவர் மூக்கு சிவந்தது. இரண்டாவதில் பல் தந்தியடித்தது. மூன்றாவது கேள்வி வெறும் ஆவியாகத்தான் வந்தது.

“வே... வேலை உனக்குத்தான்! கதவைத் தொற!”

பிலோமினாள் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நிதானமாகக் கேட்டாள்:

“தொறக்கிறேன் சார். உங்களுக்கு எத்தனை குளிர்கால அனுபவம்?”