மே மூன்றாம் தேதி

“லூர்துமேரி... சவரிமுத்து லூர்துமேரி... லூர்துமேரி வந்திருக்காங்களா?”

பல வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் ஐந்தாம் தேதி, புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் மூன்று முறை கூப்பிட்ட குரல் அது. யாரும் எழுந்து வரவில்லை. அங்கே மேசைக்கடியில் குனிந்து பிரிண்டர் வயரைச் செருகிக்கொண்டிருந்த தணிகாசலம் அதைப் பொருட்படுத்தவில்லை. நர்ஸ் அடுத்த பெயருக்குப் போனாள்.

மருத்துவமனையின் கணினி நிரல்களை எழுதுவது அவர் வேலை. நாற்பது வயதுக்கு மேல் அந்த வித்தையைக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்தவள் ஹசீனா. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

ஜனவரியிலேயே அவள் சொல்லியிருந்தாள். “தேதியை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எழுதுங்கண்ணே. வருஷம், மாசம், நாள்.”

“வருஷத்தை முன்னால போட்டா ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கும் மேடம். டாக்டர் என்னைத் துரத்துவாரு.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பேச்சு அதோடு போயிற்று.

டாக்டரின் திரையில் தேதி வெறும் எண்களாக இருந்தது; நாள் முன்னால், மாதம் பின்னால். நோயாளிகளின் போனுக்குச் செய்தி அனுப்பும் பகுதி மாதத்தை முன்னால் வைத்துப் படித்தது. முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும் தானாகவே புரட்டிப் படித்துக்கொண்டது. இரண்டையும் எழுதியவர் தணிகாசலம்தான். சோதித்துப் பார்த்தது பிப்ரவரி இருபதாம் தேதி. இருபத்தொன்று, இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று போட்டுப் பார்த்தார். ஒன்றும் பிசகவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் சிலருக்குப் பிப்ரவரித் தேதி போயிற்று. “போன மாசம் வரச் சொல்றீங்களே, எப்படிம்மா வர்றது?” என்று கேலி செய்துகொண்டே வந்தார்கள். கணினிக் கோளாறு என்று சொல்லி வரவேற்பு மேசைக்காரர்கள் கையாலேயே திருத்திக் கொடுத்தார்கள். மேலே யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் நடுவில்தான் தணிகாசலம் கண்டுபிடித்தார். தேதி மாறிப் போனவர்களின் பட்டியலோடு ஹசீனாவின் முன் போய் நின்றார்.

“நாள் முன்னாலயா, மாசம் முன்னாலயா? எது சரி மேடம்?”

அவள் பட்டியலைப் படித்தாள். அதன் பிறகு வராமலே போன ஒரு பெயரில் விரலை வைத்தாள். கார் சாவியை எடுத்தாள்.

“வாங்கண்ணே.”

லால்குடி தாண்டி ஒரு ஓட்டு வீடு. சவரிமுத்து நாற்காலி இழுத்துப் போட்டார். லூர்துமேரி கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கழுத்தில் வீக்கம்.

“மார்ச் அஞ்சாம் தேதி ஏங்க வரலை?” என்று கேட்டார் தணிகாசலம்.

“மே மூணுன்னு போன்ல வந்துச்சே சார்.” சவரிமுத்துவின் முகம் மலர்ந்தது. “மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி. இப்ப ரெண்டு மாசம் தள்ளிக் குடுத்திருக்காங்கன்னா நோவு கொறைஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்? கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி, தெருவுக்கே மிட்டாய் குடுத்தோம்.”

“இவரே அதுல பாதியைத் தின்னுட்டாரு,” என்றாள் லூர்துமேரி. சிரிக்கப் போய் இருமினாள்.

சுவரில் காலண்டர் தொங்கியது. மே மாதம் தெரியும்படி முன்தாள்களை மேலே தூக்கிக் குத்தியிருந்தார்கள். மூன்றைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

“தப்பு எங்களோடதுங்க,” என்றாள் ஹசீனா. “இப்பவே கிளம்புங்க. வண்டி நிக்குது.”

சவரிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் மனைவியின் செருப்பைத் தேடி எடுத்து, கட்டிலுக்குக் கீழே ஜோடியாக வைத்தார்.

மருத்துவமனையில் அவர்களை இறக்கிவிட்ட பிறகும் தணிகாசலம் வண்டியை விட்டு இறங்கவில்லை.

“இன்னைக்கே எல்லாத்தையும் மாத்திடறேன். எது சரின்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

“அவங்க வீட்டுச் சுவத்துல எத்தனை காலண்டர் இருந்துச்சு அண்ணே?”

“ஒண்ணு.”

“நாம எத்தனை மாட்டி வச்சிருந்தோம்?”

அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

லூர்துமேரி ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி இறந்துபோனாள்.