இரண்டாம் எக்காளம்

மெய்ஞ்ஞானபுரத்தில் ஊழியம் செய்த உபதேசியார் தேவசித்தம் முதன்முதலில் சொன்ன கதை இது.

“யாக்கோபின் மூத்த பிள்ளை எங்கள் ரூபன். யூதா நாலாமவன். அவன் வம்சம் ஏன் முன்னே போகவேண்டும்?” என்று கேட்டான் அசரேல். யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளின் வம்சத்தார் வனாந்தரத்தில் பயணப்பட்ட காலம் அது.

அமாசா தோளில் காய்த்துப்போன இடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

அமாசா லேவியன், இறைபணிக்கென்று பிரித்தெடுக்கப்பட்ட கோத்திரத்தான். போகுமிடமெல்லாம் பிரித்தெடுத்துச் சென்று மீண்டும் எழுப்பும் திருக்கூடாரத்தின் வெண்கலப் பலிபீடத்தைத் தண்டுகளில் சுமப்பது அவன் வீட்டாருக்கு விதிக்கப்பட்ட பணி. வயதில் இளையவனே. ஆயினும் ரூபன் கோத்திரத்துத் தலைவனான அசரேல், ஐயம் எழும்போதெல்லாம் அவனைத்தான் நாடி வருவான்.

பாளையம் புறப்படும் ஒழுங்கைக் கர்த்தர் வகுத்திருந்தார். முதல் எக்காளத்துக்கு யூதா. அடுத்து, கூடாரத்தின் பலகைகளை ஏற்றிய மாட்டு வண்டிகள். இரண்டாம் எக்காளத்துக்கு ரூபன். அதற்கும் பின்னே பலிபீடம். அது வந்து சேருமுன் கூடாரம் எழும்பி நிற்கவேண்டும். வழியில் அதை வெறுந்தரையில் இறக்கலாகாது.

“எங்கள் புழுதி ருசியாக இருந்ததா, பெரியண்ணா?” என்று யூதாவின் வாலிபர் கேட்டது அசரேலின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

“நாளை முதல் எக்காளத்துக்கே புறப்படப் போகிறேன். தவறா, போதகரே?”

“கால்கள் உங்களுடையவை, அண்ணா.”

மறுநாள் முதல் எக்காளம் முழங்கியதும் அசரேல் தன் இனத்தாரோடும் மந்தையோடும் கிளம்பிவிட்டான். யூதாவின் மூப்பர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவன் காதில் ஏறவில்லை.

முன்னே புழுதி இல்லை. காற்று தெளிவாக இருந்தது. ஆனாலும் அவன் ஏனோ திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தான்.

வழி ஒரு குறுகிய கணவாய்க்குள் நுழைந்தது. அவன் மந்தையின் ஆடுகள் அதை அடைத்துக்கொண்டன. மேய்ப்பர்கள் தலைவனோடு முன்னே போய்விட்டார்கள், அதட்ட ஆளில்லை. மிரண்ட ஆடுகள் பின்னே வந்த கூடார வண்டிகளின் சக்கரங்களுக்கிடையே புகுந்தன. வண்டிகள் நின்றன. செய்தி வாய்க்கு வாய் தாவி அசரேலை எட்டியது.

பாறைச் சுவரை உரசிக்கொண்டு அவன் பின்னோக்கி ஓடினான்.

வண்டிகளுக்கு அப்பால், உச்சி வெயிலில், பலிபீடத்தைத் தாங்கியபடி நின்றார்கள் லேவியர். அமாசாவின் தோளில் தண்டு அழுத்திய இடத்தில் துணி நனைந்து சிவந்திருந்தது.

“இறக்கி வையுங்கள், போதகரே.”

“எங்கே?”

அசரேல் தரையைப் பார்த்தான். பிறகு நெருங்கி வந்தான். “அப்படியானால் விலகுங்கள். நான் தோள் கொடுக்கிறேன்.”

“நீங்கள் லேவியர் அல்லவே. தொட்டால் சாவீர்கள்.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பின்வரிசையில் ஒருவன் இடறினான். பீடம் ஒருகணம் சாய்ந்து நிமிர்ந்தது.

“என்னால் வந்த வினை இது,” என்றான் அசரேல். “நான் எதைத்தான் சுமக்கட்டும்?”

அமாசா வறண்ட உதடுகளை நனைத்துக்கொண்டான்.

“ஆடுகளை ஓட்டுங்கள், அண்ணா.”