கரட்டில் முதலில் ஏறியவர்

வெள்ளாற்றுப் பட்டாளத்தார் குதிரையில் போய், களத்தில் இறங்கி நடந்து சண்டை போடுகிறவர்கள். அவர்கள் இறங்கியதும் குதிரைகளைப் பிடித்துக்கொள்வது மூக்கனின் வேலை.

கோணக்கரடு என்ற பாறைக் குன்றைப் பிடிக்க நடந்த சண்டையில் முதலில் ஏறி உயிரை விட்டவர் அவில்தார் காசிம் ராவுத்தர். ஆனால் பட்டாளத்தின் சரித்திரத்தை எழுத ஜெனரல் வந்தபோது, "முதலில் ஏறியவன் நான்தான்" என்றார் கர்னல் ஹார்வுட். சாட்சிக்கு மூக்கனை நிறுத்தினார். "மாற்றிச் சொன்னால் சவுக்கடிதான்" என்று முன்பே மிரட்டியிருந்தார்.

பட்டாளத்தார் எல்லோர் முன்னிலும் ஜெனரல் கேட்டார்: "சண்டையில் கர்னலைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் துரை! கடைசிவரை அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அத்தனை குண்டு பறந்தும் அவர் மீசைகூட அசையவில்லை!"

கர்னல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவ்வளவு பக்கத்திலா? நீ எங்கே நின்றாய்?"

"நான் எங்கே போவேன் துரை? கரட்டுக்கு இந்தப் பக்கம், பாறை மறைவில், குதிரைகளோடுதான் நின்றேன். ஓரடி நகரவில்லை."

கர்னலின் முகம் வெளுத்தது.

"அப்படியானால் முதலில் ஏறியது யார்?"

அதுவரை வாய் திறக்கப் பயந்திருந்த பட்டாளம் ஒரே குரலில் முழங்கியது: "காசிம் ராவுத்தர்!"

மைதானமே அதிர்ந்தது. மூக்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெனரல் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று மூக்கனிடமே கேட்டுக் கேட்டு எழுதினார்.