எட்டடி தூரம்

சரக். சரக்.

மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. கதவு சாத்தியிருந்தது.

உலகநாதன் தட்டினார்.

“திறந்துதான் இருக்கு, அண்ணாச்சி.”

ஜெபராணி டீச்சர் தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் மழுங்கியவை, அந்தப் பக்கம் சீவியவை. பத்து மணிக்கு டிராயிங் கிளாஸ் பிள்ளைகள் வந்துவிடும். அவரைவிட அவளுக்கு இருபது வயது குறைவு.

இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் வந்திருந்தார். சுருட்டிய தாளை நீட்டினார்.

“ஏழாவது. இதுவும் புகைமூட்டம்தான்.”

அவள் பிளேடைக் கீழே வைத்தாள்.

தாளில் அவர் நினைவிலிருந்து வரைந்த ஒரு பெண் முகம். அவர் மனைவி வள்ளிநாயகி. மகள் ஆவுடைக்குப் பதினோரு மாதம் ஆனபோது இறந்துபோனாள். இருந்த ஒரே ஆல்பத்தையும் ஆற்று வெள்ளம் கொண்டுபோனது.

அடுத்த மாதம் ஆவுடைக்குக் கல்யாணம். அம்மா படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் மணவறையில் உட்காருவேன் என்கிறாள். அம்மா முகம் அவளுக்குத் தெரியாது.

“மக பாத்தாளா?”

“பாத்தா. யாருப்பா இதுன்னு கேட்டா.”

டீச்சர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காது நல்லா வந்திருக்கு.”

“காதை மட்டும் மாலை போட்டு மாட்ட முடியுமா டீச்சர்?”

“இருங்க. மடல்லேருந்து உள்ள போற இருட்டு, படிப்படியா இறங்குது. அவசரமே இல்ல. என் பரீட்சைப் பிள்ளைகளுக்கே இந்த ஷேடிங் வரல.”

“கன்னம்?”

“கன்னத்தை எதை வச்சுத் தேய்ச்சீங்க?”

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“தேய்க்கிறதுக்குக் காகிதச் சுருள் தந்தேனே.”

“டப்பால இருக்கு. நுனிகூட அழுக்காகல.”

“விரலைக் கழுவிட்டு வாங்க.”

கழுவித் துடைத்துவிட்டு வந்தார். அவள் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டினாள். விரலை வைத்து எடுத்தார். தாளில் ஒன்றுமில்லை.

அதன்மேல் பென்சிலைச் சாய்த்து மெல்ல இழுத்தாள். சாம்பல் நிறம் பரவியது. நடுவில் மட்டும், கறுத்து, ரேகை ரேகையாக அவர் விரல் எழுந்து வந்தது.

“தோல்ல எண்ணெய் இருக்கும். கழுவினாலும் போகாது. தொட்ட இடத்துல பென்சில் நம்ம பேச்சைக் கேக்காது.”

ஏழாவது படத்தை ஜன்னல் வெயிலில் பிடித்தாள்.

கன்னம் முழுக்க, நெற்றி முழுக்க, அவர் விரல்கள். காதில் ஒன்றுகூட இல்லை.

உலகநாதன் குனிந்து பார்த்தார்.

“மக கேட்டது சரிதான். இது நான்.”

“காதைத் தொடலையே.”

“காதை வரைஞ்சேன். கன்னத்துக்கு வந்தா கை நிக்க மாட்டேங்குது. அவ போயி இருபத்திநாலு வருஷம், டீச்சர்.”

அவள் மடியில் கிடந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

“பொண்ணு பாக்கப் போனப்போ எவ்வளவு தூரத்துல உக்காந்தீங்க?”

“எட்டடி இருக்கும். நடுவுல அவ சித்தப்பா காலை நீட்டிக்கிட்டு.”

“தொடணும்னு தோணலையா?”

“தோணி என்ன பண்ண? அந்த ஆளு காலைத் தாண்டணுமே.”

“வெளிச்சம் எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.” யோசிக்கவே இல்லை. “ஜன்னல்ல ஒரு கம்பி உடைஞ்சு போயிருந்துச்சு. அதனால கன்னத்துல ஒரு வெயில் பட்டை மட்டும் அகலமா விழுந்துச்சு. மூக்குக்குப் பக்கத்துல கொஞ்சம் மங்கி, அப்புறம் தாடைக்குக் கீழ...”

அவர் விரல் காற்றில் எழுந்திருந்தது. பார்த்தார். மடக்கிக்கொண்டார்.

டீச்சர் புதுத் தாளையும் ஒரு பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“அந்த எட்டடி தூரத்துலயே உக்காருங்க.”

பிளேடை எடுத்தாள். அடுத்த பென்சில்.

சரக். சரக்.