மூன்று முழப் பட்டு

முன்னொரு காலத்திலே கொன்றைநாட்டைச் செண்பகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்ன சொல் மாலையில் நிற்காது.

தலைநகரில் இரண்டு பள்ளிக்கூடம். அரண்மனைப் பள்ளியில் பிரபுக்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். கடைத்தெருப் பள்ளியிலோ முந்நூறு பேர். அந்த வருஷம் இரண்டுக்குமாக நூறு மூட்டை நெல் என்றான் ராஜா.

“பாதிப் பாதி பிரியுங்கள் பிரபு! சமமாகக் கொடுப்பதுதானே நீதி?” என்றார் அரண்மனைப் பள்ளியை நடத்திய வல்லப பண்டிதர். ராஜா தலையாட்டினான்.

மந்திரி திருமேனிக்குக் கடைத்தெருப் பள்ளியின் கஷ்டம் தெரியும். அங்கே வாத்தியார்கள் பாதிப்பேர் கூலியில்லாமல் போய்விட்டார்கள். ஐம்பது மூட்டை மூன்று மாசம் தாங்காது; அப்புறம் பள்ளிக்குப் பூட்டுத்தான்.

“அரசே, அது போதாதே...”

“வாயை மூடும்! என் பிறந்தநாளன்று முத்திரை வைக்கிறேன்.”

பிறந்தநாள் பட்டுக்கு மந்திரியே பொறுப்பு. “ராஜாவுக்கும் மூன்று முழம், மூன்று வயசு இளவரசருக்கும் மூன்று முழம்” என்று நெசவாளியிடம் சொன்னார்.

“ஐயா, தலை தப்புமா?”

“தெரியலையப்பா” என்றார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறந்தநாளும் வந்தது. வெளியே முரசு கொட்டுகிறது. ராஜா பட்டைச் சுற்றினான்; அது பாதித் தொந்தியோடு நின்றுவிட்டது! இளவரசரோ பட்டுக்குள் சிக்கித் தடுக்கி விழுந்து அழுதார்.

“எவன் செய்த வேலை இது?”

“நான்தான் அரசே.” மந்திரி முன்னே வந்தார்.

வல்லபருக்குக் கொண்டாட்டம். “பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவா? ஆளுக்குத் தக்கபடியல்லவா துணி வேண்டும்! இது அநியாயம் பிரபு!”

மந்திரி கைகூப்பினார். “பண்டிதர் வாக்கு பொன்வாக்கு அரசே. பன்னிரண்டு பேருக்கும் ஐம்பது மூட்டை, முந்நூறு பேருக்கும் ஐம்பது மூட்டை என்றால், அதுவும் இந்தப் பட்டு மாதிரிதானே?”

போச்சு, தலை போச்சு என்று மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜா தன் தொந்தியைப் பார்த்தான்; இளவரசரைப் பார்த்தான். குபீரென்று சிரித்துவிட்டான். “தலைக்கு இவ்வளவு என்று பிரியும். நூறு மூட்டை போதுமா?”

“இருநூறு மூட்டையாவது வேண்டும் அரசே.”

“எடுத்துக்கொள்ளும்! இந்த முத்துமாலையும் உமக்குத்தான். வல்லபரே, ஒரு வருஷம் கடைத்தெருப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடும். முந்நூறு பேரை மேய்ப்பது என்னவென்று தெரியட்டும்!”

மந்திரி மாலையைக் கழுத்தில்கூடப் போடவில்லை. ஓலையில் முத்திரை வாங்கிக்கொண்டு களஞ்சியத்துக்கு ஓடினார்.

மறுநாள் ராஜா கூப்பிட்டான். “திருமேனி, இருநூறு கொஞ்சம் அதிகமோ?”

“திருப்பிக் கேட்கலாம் அரசே. ஆனால் வாத்தியார் வீடுகளில் நேற்றே உலை ஏறிவிட்டது.”