கடைசி வார்த்தை

"பெட்டிகூட நின்னுச்சு, நீதான் நிக்கல." இதை ஹோம்வொர்க் நோட்டுல எழுதி என் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டா ஆச்சா, நிவி? ரெண்டு நாளா வாயைத் தொறக்காம எல்லாத்தையும் எழுதியே காட்டுறியே, நான் என்ன போஸ்ட்மேனா? சரி, சரி, அந்தப் பக்கம் திரும்பாதே. தலகாணிய நேரா வை. கதை சொல்றேன். 'ம்' மட்டும் கொட்டு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு அடுக்குமாடி, அடுக்குமாடியில நாலாம் மாடி, நாலாம் மாடியில ஒரு வாயாடி. கான்வென்ட்ல பேச்சுப் போட்டிக்கு மூணு கப் வாங்கினவ. வெள்ளிக்கிழமை தவறாம அதைத் துடைச்சு வைப்பா.

"ம்."

என்ன ம்? யாருன்னு தெரிஞ்சுபோச்சா? பேசாம கேளு.

அவளுக்கு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணோட வார்த்தைங்க டக்குனு வராது. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னு, செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் வெளிய வரும். அப்போ அந்த வீட்டுக்கு, வாயால சொன்னா பாட்டு போடுற ஒரு பேசுற பெட்டி வந்துது. கூப்பிட்டா டிங்! நீல விளக்கு எரியும். வாயாடி இங்கிலீஷ்ல சொன்னா அது வாலாட்டாத குறை. அப்பா தமிழ்ல சொன்னா பாதி கேக்கும். பொண்ணு சொன்னா? முடிக்கிறதுக்குள்ள டொய்ங்னு அணைஞ்சுடும்.

அப்புறம் அப்பாவோட பொறந்தநாள் வந்துது. கேக் வெட்டுறப்போ 'அப்பாவுக்குப் பொறந்தநாள் பாட்டு போடு'ன்னு தானே பெட்டிகிட்ட சொல்லணும்னு பொண்ணுக்கு ஆசை. ஒரு வாரம், பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயத் தொறந்துவிட்டு, சர்ர்ர்... அந்தச் சத்தத்துக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகினா. வெளிய வாயாடி என்ன பண்ணா? டம் டம்னு கதவைத் தட்டி, "தண்ணி என்ன உங்கப்பன் வெட்டின கெணத்துலேர்ந்தா வருது?"ன்னா.

ம்கூட இல்லையா? சரி.

அன்னிக்கு சாயங்காலம் அத்தைங்க வந்தாங்க, சித்தப்பா மகன் பிரணவ் வந்தான், கூடம் ரொம்பிப் போச்சு. பொண்ணு பெட்டி முன்னாடி போய் நின்னா.

டிங்! "அப்பாவுக்குப் பொ... பொ..." டொய்ங். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

டிங்! "அப்பாவுக்குப் பொறந்தநாள் பா... பா..." டொய்ங். பிரணவ் கிக்கிக்கின்னு சிரிச்சான். அத்தைங்க தரையப் பாத்தாங்க. வாயாடிக்கு மானம் போச்சு.

மூணாவது தடவை. டிங்! "அப்பாவுக்குப் பொறந்தநாள் பாட்டு..." அப்போ பாரு, விளக்கு அணையல! எரிஞ்சுகிட்டே நின்னுது. அப்பா கத்தியத் தூக்கினபடியே நின்னாரு. மெழுகு கேக்குமேல சொட்டுது, சொட்டு, சொட்டு. பொண்ணோட உதடு குவிஞ்சுது. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி.

வாயாடி பாஞ்சு வந்து, "ப்ளே த பர்த்டே சாங்!"னா.

டமடமன்னு பாட்டு. எல்லாரும் கை தட்டினாங்க. அவ தலையக் குனிஞ்சு சிரிச்சா, நாலாவது கப் கெடைச்ச மாதிரி.

"ம்."

பொண்ணு கேக் திங்கல. நேரா பாத்ரூமுக்குப் போய்க் குழாயத் தொறந்தா. சர்ர்ர்... வாயாடி போய்க் கதவுல காதை வச்சா. தண்ணிச் சத்தம் மட்டுந்தான். அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது, இத்தனை நாளா அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருந்துதுன்னு.

இப்போ அவளுக்குக் கண்ணாடியப் பாக்கவே கூசுதாம். கப்பு மூணும் பரண்மேல ஏறிடுச்சு. அவ்வளவுதான். கதையும் காலை நீட்டிடுச்சு, நீயும் கண்ணை மூடு.

இரு, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசி வார்த்தைய எங்கிட்ட மட்டும் சொல்லேன்டி. போ... இல்ல, இல்ல, நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்.

நிவி?